அங்கோருக்குத் தரைவழியே: நேர்வழி அடைபட்ட பின் எஞ்சும் மூன்று பாதைகள்

பாங்காக்கில் இறங்கி, முதுகுப்பையைச் சுமந்துகொண்டு எல்லையைக் கடந்து, விமானம் ஏறாமலே அங்கோர் வாட் வரை போய்ச் சேர முடியுமா என்ற கேள்விக்குச் சில ஆண்டுகளுக்கு முன்புவரை ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். காலை மூன்றாம் வகுப்பு ரயிலில் ஏறினால் சுமார் 250 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆரண்யப்பிரதேத்தில் மதியத்துக்குள் இறங்கலாம். எல்லைக் கடவையை நடந்தே கடந்து கம்போடியப் பக்கத்துப் பொய்ப்பெட்டில் வாடகைக் கார் பிடித்தால், மேலும் 150 கிலோமீட்டர் கடந்து இருட்டும் நேரத்தில் அங்கோரை ஒட்டிய ஊரான சியாம் ரீப் வந்துவிடும். இன்று அந்தப் பதிலைச் சொல்வதற்கில்லை. 2025 ஜூன் மாதத்தில் கட்டுப்பாடுகள் தொடங்கின. ஜூலை 24 முதல் 28 வரை தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் இடையே நடந்த சண்டையை அடுத்து இரு நாடுகளுக்கும் இடையிலான தரைக் கடவைகள் மூடப்பட்டன. டிசம்பரில் மீண்டும் சண்டை மூண்டது.

சண்டையின் நடுவில் நிற்பவையும் அங்கோரை ஆண்ட கெமர் அரசின் காலத்தவையும் நாம் பார்க்க விரும்புபவையுமான அதே கெமர் கோயில்கள்தாம் என்பது கசப்பான செய்தி. டாங்ரெக் மலைத்தொடரின் விளிம்பிலுள்ள தா முவென் தோம் கோயிலைச் சுற்றித் துப்பாக்கிகள் முழங்கின. பன்னாட்டு நீதிமன்றம் 1962-இல் கம்போடியாவுக்குரியது என்று தீர்ப்பளித்த பிரேயா விஹார் கோயிலும் சேதத்துக்குத் தப்பவில்லை. 'சியாம் ரீப்' என்ற ஊர்ப்பெயருக்கே 'சியாம் (தாய்லாந்தின் பழைய பெயர்) தோற்ற இடம்' என்றுதான் மக்கள் வழக்கில் பொருள் சொல்கிறார்கள். பகைக்கு வயது அதிகம்.

ஆகவே தரைவழியே போக விரும்புகிறவர் முன் இப்போது மூன்று தெரிவுகள் உள்ளன. தாய்லாந்துக்குள் இருக்கும் கெமர் கோயில்களைத் தரைவழியே பார்த்துவிட்டு எல்லையை மட்டும் விமானத்தில் தாண்டுவது முதலாவது. லாவோஸைச் சுற்றிக்கொண்டு வடக்கிலிருந்து இறங்குவது இரண்டாவது. வியட்நாமிலிருந்து கிழக்கு வழியாக நுழைவது மூன்றாவது.

## எவற்றை வைத்து எடை போடுவது

எந்த எல்லை எளிது என்று கேட்டுத்தான் பெரும்பாலோர் தொடங்குகிறார்கள். எல்லையில் செலவாவது இரண்டு மணி நேரம். பயணம் பத்து நாள். எனவே அங்கோரை அடைவதற்கு முன் வழியில் என்ன பார்க்கக் கிடைக்கிறது என்பதையே முதல் அளவுகோலாக வைக்கிறேன். அங்கோர் வாட்டைப் பார்த்த பிறகு மற்றக் கோயில்கள் கண்ணுக்குச் சிறுத்துத் தெரியும்; சிறியவற்றைப் பார்த்துவிட்டு அங்கோருக்குள் நுழைகிறவருக்கு எல்லாமே பொருளுள்ளதாகும்.

அடுத்தது கையிலுள்ள நாட்கள். மூன்றாவது, விசா: எத்தனை நாடுகளின் முத்திரை வேண்டும், ஒருமுறை நுழைவா பலமுறை நுழைவா என்பது. நான்காவதாக, பயணச்சீட்டில் அச்சிடப்படாத செலவுகள். ஐந்தாவது, பாதுகாப்பும் காப்பீடும். மோதல் நடக்கும் பகுதியில் ஏற்படும் இழப்புக்குப் பல பயணக் காப்பீடுகள் பொறுப்பேற்பதில்லை. அந்தப் பத்தியை வாசிக்காமல் புறப்படுகிறவர்களே அதிகம்.

விசாக் கணக்கை இந்தியக் கடவுச்சீட்டுக்கு உரியதாகவே இங்கே தருகிறேன். மலேசிய, சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு இந்த நான்கு நாடுகளிலும் குறுகிய காலச் சுற்றுலாவுக்கு விசா தேவையில்லை என்பதால், அவர்கள் அந்த வரிகளைத் தாண்டிச் செல்லலாம்.

## தெரிவு 1: இசான் கோயில்கள், பிறகு விமானம்

தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதியான இசானில் உள்ள கெமர் கோயில்களைப் பற்றி நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை. பாங்காக்கிலிருந்து பேருந்திலோ ரயிலிலோ கோராட் எனப்படும் நாகோன் ராட்சசிமாவை அடைந்து, அங்கிருந்து 60 கிலோமீட்டர் சென்றால் பிமாய். ஊருக்கு நடுவிலேயே கோயில் இருப்பதால் விடுதியிலிருந்து நடந்தே போகலாம். பதினோராம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிய இந்த மகாயான பௌத்தக் கோயில், வழக்கம்போல் கிழக்கைப் பார்க்காமல் தென்கிழக்கைப் பார்க்கிறது. அங்கோர் இருக்கும் திசை அது. இங்கிருந்து தலைநகரான அங்கோருக்கு நேர்ச்சாலை ஒன்று அந்நாளில் இருந்தது.

பனோம் ருங் அவ்வளவு எளிதில் வசப்படாது. புரிராம் மாவட்டத்தில், அணைந்துபோன எரிமலை ஒன்றின் உச்சியில் சிவனுக்கு எழுப்பிய கோயில் இது. அருகில் நாங் ரோங் என்னும் சிற்றூரில் தங்கி, வாடகை மோட்டார் சைக்கிளிலோ வண்டி பேசியோ மேலே போக வேண்டும். கோயிலின் பதினைந்து வாயில்களும் ஒரே நேர்கோட்டில் அமைந்திருப்பதால், ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் முற்பகுதியிலும் உதயசூரியனின் ஒளி அத்தனை வாயில்களையும் ஊடுருவிச் செல்கிறது. மார்ச்சிலும் அக்டோபரிலும் மாலைச் சூரியன் அதையே எதிர்த்திசையிலிருந்து செய்கிறது. பள்ளிகொண்ட திருமால் செதுக்கப்பட்ட நிலைமேற்கல் ஒன்று இங்கிருந்து களவுபோய்ச் சிகாகோ அருங்காட்சியகத்தில் இருந்தது. தாய்லாந்து மக்கள் போராடி 1988-இல் மீட்டு வந்தார்கள். மலையடிவாரத்தில் குளங்கள் சூழ அமைந்த முவாங் தாம் கோயிலையும் அதே நாளில் பார்த்துவிடலாம்.

இந்தத் தெரிவின் மறைந்த செலவு திரும்பும் வழியில் இருக்கிறது. நாங் ரோங்கிலிருந்து பாங்காக்குக்கு மீண்டும் வந்துதான் விமானம் ஏற வேண்டும். அதற்கே ஒரு பகல் போய்விடும். பாங்காக்–சியாம் ரீப் விமானப் பயணம் ஒரு மணி நேரமே என்றாலும், தொலைவைப் பார்த்தால் கட்டணம் மலிவானதல்ல. 2023 அக்டோபரில் திறந்த புதிய சியாம் ரீப்–அங்கோர் விமான நிலையம் ஊரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி இருப்பதால், பழைய நிலையத்திலிருந்து துக்துக்கில் வந்துவிடலாம் என்ற பழைய கணக்கும் இப்போது பொருந்தாது.

பாதுகாப்பையும் பார்க்க வேண்டும். 2025 சண்டைகளின்போது புரிராம், சுரின், சிசாகெட், உபோன் ராட்சதானி மாவட்டங்களின் எல்லையோர ஊர்களிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். பிமாய் எல்லையிலிருந்து நன்கு தள்ளி உள்ளது. பனோம் ருங்குக்குப் போகுமுன் அந்த வாரச் செய்தியைப் பார்த்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும்.

## தெரிவு 2: லாவோஸைச் சுற்றி வடக்கிலிருந்து

வரைபடத்தில் பார்த்தால் இது வேண்டாத சுற்று. ஆனால் இசான் கோயில்கள் இந்தப் பாதையிலேயே அமைந்திருக்கின்றன. பாங்காக்குக்குத் திரும்பாமல் அதே ரயில் பாதையில் கிழக்கே போய்க்கொண்டே இருக்கலாம். கோராட், புரிராம், சுரின், சிசாகெட் வழியாகச் செல்லும் அந்தத் தடம் உபோன் ராட்சதானியில் முடிகிறது. ராஜதானி, புரி என்று நிலையப் பெயர்ப் பலகைகளை வாசித்துக்கொண்டே போவது தமிழருக்கு ஒரு தனிச் சுவை.

உபோனிலிருந்து சோங் மெக் கடவை வழியாக லாவோஸுக்குள் நுழைந்து பாக்சே நகரை அடையலாம். அங்கிருந்து தெற்கே மேகோங் ஆற்றங்கரையில் சம்பாசக். அதன் அருகே 2001-இல் உலக மரபுச் சின்னமான வாட் பூ. இந்தக் கோயிலுக்கு ஒரு முழு நாளாவது ஒதுக்க வேண்டும் என்பேன். பின்னாலுள்ள பூ காவ் மலையின் உச்சி லிங்க வடிவில் இயற்கையாகவே அமைந்திருப்பதால் பழங்காலத்தில் அதை லிங்கபர்வதம் என்றே அழைத்தார்கள். மலையிலிருந்து கசியும் ஊற்று நீரைக் கல்வாய்க்கால் வழியே கருவறைக்குக் கொண்டுவந்து, லிங்கத்தின் மீது இடையறாது விழும்படி செய்திருந்தார்கள். இன்று கருவறையில் புத்தர் அமர்ந்திருக்கிறார். ஊற்று மட்டும் நிற்கவில்லை. சமவெளியிலிருந்து நடைபாதை, படிகள், மேடைகள் என ஏறிக்கொண்டே போகும் கட்டுமானத்தைத் திருவண்ணாமலையையோ திருக்கழுக்குன்றத்தையோ அறிந்த கால்கள் உடனே புரிந்துகொள்ளும். இந்தியத் தொல்லியல் துறை இங்கே சீரமைப்புப் பணியில் ஈடுபட்டு வந்திருக்கிறது. நம் மாசி மகத்தை ஒட்டி வரும் பௌர்ணமியில் கோயில் திருவிழா நடக்கிறது; அந்த வாரத்தில் சம்பாசக்கில் அறை கிடைப்பது அரிது.

அங்கிருந்து சி பான் டோன் என்னும் ஆற்றுத் தீவுகளில் ஓரிரு நாள் இளைப்பாறிவிட்டு, நோங் நோக் கியென் கடவையைக் கடந்து கம்போடியாவின் ஸ்டங் ட்ரெங் மாவட்டத்துக்குள் இறங்க வேண்டும். மேகோங்கின் மேல் 2015-இல் பாலம் திறந்த பிறகு, ஸ்டங் ட்ரெங்கிலிருந்து மேற்கே நேராகச் சியாம் ரீப் போக முடிகிறது. அதற்கு முன் தெற்கே வெகுதூரம் சுற்ற வேண்டியிருந்தது. தீவிலிருந்து ஒரே நாளில் சியாம் ரீப் கொண்டுபோய் விடும் மினிவேன்கள் உண்டு. அந்த நாள் மிக நீளமானது. எல்லையில் வண்டி மாற்றுவார்கள், பயணிகள் சேரும்வரை வெயிலில் காத்திருக்கச் சொல்வார்கள்.

முடிந்தால் வழியில் ஓர் இரவு தங்கி, கோ கேர் கோயில்களைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. நான்காம் ஜயவர்மனும் அவருக்குப் பின் அவர் மகன் இரண்டாம் ஹர்ஷவர்மனும் 928 முதல் 944 வரை தலைநகராக வைத்திருந்த இடம் இது. 2023-இல் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. சுமார் 36 மீட்டர் உயரத்தில் படிப்படியாக எழும் பிரசாத் தோம் பிரமிடு, தென்கிழக்கு ஆசியாவில் அரிதாகவே காணக்கூடிய தோற்றம் உடையது. நடந்து தேய்ந்த பாதையை விட்டு ஓர் அடிகூட விலகக் கூடாது: உள்நாட்டுப் போர்க்காலத்துக் கண்ணிவெடிகள் வடக்குக் கம்போடியாவில் இன்னும் முழுமையாக அகற்றப்படவில்லை.

செலவுக் கணக்குக்கு வருவோம். கம்போடியச் சுற்றுலா விசாவின் 30 டாலருக்கு மேல் லாவோஸ் விசாவுக்கும் பணம் வேண்டும். இணைய விசா எடுப்பவர்கள், தாங்கள் நுழையும் கடவை அந்த விசாவை ஏற்கும் பட்டியலில் உள்ளதா என்று பார்த்துவிட்டே பணம் கட்ட வேண்டும். லாவோஸ்–கம்போடியக் கடவையில் இரு பக்கமும் 'முத்திரைக் கட்டணம்' என்று ஓரிரு டாலர் கேட்பது நெடுநாள் வழக்கம். ரசீது கேட்டுப் பொறுமையாக நிற்கிறவர்கள் சில நேரம் தப்பித்துக்கொள்கிறார்கள், ஆனால் அதற்குள் வண்டி கிளம்பிவிடும். பாத், கிப், டாலர் என மூன்று நாணயங்கள் புழங்குவதால் மாற்றும்போதெல்லாம் கொஞ்சம் கரையும். லாவோஸுக்கு வெளியே கிப் தாளை வாங்க ஆள் கிடைப்பது கடினம் என்பதால், கடைசி நாளில் கையிருப்பைச் செலவழித்துவிட வேண்டும்.

## தெரிவு 3: வியட்நாமிலிருந்து கிழக்கு வழி

மூன்றிலும் குழப்பம் குறைந்த பாதை இதுதான். ஹோ சி மின் நகரத்திலிருந்து மொக் பாய்–பாவெட் கடவை வழியாகக் கம்போடியத் தலைநகர் புனோம் பென் சுமார் 230 கிலோமீட்டர். எல்லைச் சோதனையையும் சேர்த்து ஆறேழு மணி நேரத்தில் ஒரே பேருந்து கொண்டுபோய்ச் சேர்க்கும். புனோம் பென்னிலிருந்து சியாம் ரீப் மேலும் 315 கிலோமீட்டர். வியட்நாமுக்குள் இருக்கும் மீ சோன் போன்ற புகழ்பெற்ற கோயில்கள் நடு வியட்நாமை ஆண்ட சம்பா அரசர்களுடையவை, கெமர் மரபைச் சேர்ந்தவை அல்ல. ஆகவே எல்லைக்கு அந்தப் பக்கம் நம் நோக்கத்துக்குரியது அதிகம் இல்லை.

இந்தப் பாதையின் சிறப்பு புனோம் பென்னில் இருக்கிறது. கெமர் சிற்பங்களில் சிறந்தவை பல இன்று கோயில்களில் இல்லை, அங்குள்ள தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கோ கேரில் பீமனும் துரியோதனனும் கதாயுதம் ஏந்திப் போரிட, மற்றவர்கள் அமர்ந்து பார்க்கும் காட்சி ஒன்று ஆளுயரச் சிலைத்தொகுதியாக இருந்தது. உள்நாட்டுப் போர்க்காலத்தில் கொள்ளையர் சிலைகளைக் கணுக்காலோடு வெட்டி எடுத்துப் போனார்கள். பீடத்தில் பாதங்கள் மட்டும் எஞ்சின. அமெரிக்காவின் ஏல நிறுவனத்திலும் அருங்காட்சியகங்களிலும் கிடைத்த அந்தச் சிலைகள் 2013, 2014 ஆண்டுகளில் திரும்பி வந்தன. கோ கேரை மட்டும் பார்க்கிறவர் வெறும் பீடங்களைப் பார்க்கிறார்; மகாபாரதம் அறிந்தவர்கள் முதலில் சிலைகளைப் பார்த்துவிட்டு அங்கே போனால், அந்த வெற்றிடம் வேறு மாதிரி தெரியும்.

புனோம் பென்னுக்கும் சியாம் ரீப்புக்கும் நடுவழியில் கம்போங் தோம். அதன் வடக்கே காட்டுக்குள் சம்போர் பிரெய் குக்: ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈசானவர்மன் ஆண்ட ஈசானபுரம், அங்கோர் வாட்டுக்கு ஐந்நூறு ஆண்டுகள் மூத்தது. செங்கல்லால் எழுப்பிய எண்கோணக் கோயில்களும், சுவரில் செதுக்கிய 'பறக்கும் மாளிகை'களும் இவ்விடத்தின் தனித்தன்மை. 2017-இல் உலக மரபுச் சின்னமான பின்னும் கூட்டம் குறைவு. மேலும் வடமேற்கே போகும் வழியில் கம்போங் க்டேய் என்ற இடத்தில், நாகத் தலைகள் கொண்ட கைப்பிடிச் சுவருடன் நிற்கும் அங்கோர் காலத்துக் கல்பாலத்தையும் பார்த்துவிடலாம். ஏழாம் நூற்றாண்டிலிருந்து பன்னிரண்டாம் நூற்றாண்டுக்குக் கால வரிசைப்படியே நடந்து வருவது போன்ற பாதை இது.

வியட்நாம் இணைய விசா ஒருமுறை நுழைவுக்கு 25 டாலர், பலமுறை நுழைவுக்கு 50 டாலர். மறைந்த செலவு இந்த இடத்தில்தான். ஹோ சி மின் நகரத்துக்கே போக வர மலிவுச் சீட்டு வாங்கியவர் 50 டாலர் விசாவை எடுக்க மறந்துவிட்டால், திரும்பும்போது மீண்டும் விண்ணப்பித்துக் காத்திருக்க நேரும். பேருந்து நடத்துநர் எல்லோருடைய கடவுச்சீட்டையும் வாங்கிக்கொண்டு விசா எடுத்துத் தருவதாகச் சொல்லி, 30 டாலருக்கு மேல் சில டாலர் சேர்த்துக் கேட்பது வழக்கம்; கம்போடிய இணைய விசாவை முன்பே எடுத்துக்கொண்டால் அந்தப் பேச்சுக்கு இடமிருக்காது.

## அட்டவணையில் ஒரு பார்வை

| அளவுகோல் | இசான் + விமானம் | லாவோஸ் வழி | வியட்நாம் வழி |
|---|---|---|---|
| அங்கோரில் 3 நாள் உட்படத் தேவைப்படும் காலம் | 7–8 நாள் | 14–16 நாள் | 9–10 நாள் |
| வழியிலுள்ள முக்கியக் கோயில்கள் | பிமாய், பனோம் ருங், முவாங் தாம் | அவற்றுடன் வாட் பூ, கோ கேர் | சம்போர் பிரெய் குக். புனோம் பென் அருங்காட்சியகம் |
| தரை எல்லைகள் | இல்லை | 2 | 1 |
| அதிகம் கரையும் இடம் | விமானம், நிலையப் போக்குவரத்து | இரண்டாவது விசா, நாணய மாற்று, கூடுதல் இரவுகள் | பலமுறை நுழைவு விசா |
| உடல் உழைப்பு | குறைவு | மிகுதி | நடுத்தரம் |
| மோதல் பகுதிக்கு அருகாமை | பனோம் ருங்கில் கவனம் தேவை | உபோன், இசான் பகுதியில் கவனம் தேவை | இல்லை |

எந்த வழியில் வந்தாலும் மாறாத செலவு அங்கோர் நுழைவுச்சீட்டு: ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. மூன்று நாள் சீட்டைப் பத்து நாட்களுக்குள் விட்டுவிட்டுப் பயன்படுத்தலாம் என்பதால், நடுவில் ஒரு நாள் ஓய்வெடுப்பதில் இழப்பு ஏதுமில்லை. கோ கேருக்குத் தனிச்சீட்டு வாங்க வேண்டும். டாலர் தாள்கள் கிழியாமல், கறையில்லாமல் இருக்க வேண்டும். ஓரத்தில் சிறு கிழிசல் இருந்தாலும் கம்போடியக் கடைக்காரர் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

## யாருக்கு எது

ஒரு வாரமே விடுப்பு உள்ளவர், அல்லது பெற்றோரையோ சிறு பிள்ளைகளையோ உடன் அழைத்துச் செல்கிறவர் முதல் தெரிவை எடுக்கலாம். அதிலும் பனோம் ருங் மீது பெரிய ஆர்வம் இல்லை என்றால், நேராகச் சியாம் ரீப் பறந்து, மிச்சமாகும் இரண்டு நாளைப் பந்தே ஸ்ரெய் போன்ற தொலைவுக் கோயில்களுக்குக் கொடுப்பதே அறிவார்ந்த செயல். கி.பி. 967-இல் குடமுழுக்குக் கண்ட அந்தச் செம்மணற்கல் கோயிலின் முகப்பில் ஆடும் சிவனின் காலடியில், காரைக்கால் அம்மையார் என ஆய்வாளர்கள் கருதும் மெலிந்த பெண்ணுருவம் அமர்ந்திருக்கிறது. அதைத் தேடிக் கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் தாராளமாக வேண்டும்.

பத்து நாள் உள்ளவர், முதன்முறை தனியாகத் தரை எல்லையைக் கடக்கிறவர், வரலாற்றை வரிசையாகப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் ஆகியோருக்கு வியட்நாம் வழி. பாங்காக்குக்கு ஏற்கெனவே சீட்டு எடுத்துவிட்டவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது.

இரண்டு வாரம் கையில் இருந்தால் நான் லாவோஸ் வழியைத்தான் சொல்வேன். பிமாயில் தொடங்கி வாட் பூ வழியாக இறங்குகிறவர், கெமர் அரசின் வடக்கு மாகாணங்களிலிருந்து தலைநகரை நோக்கிப் பயணிக்கிறார். நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான காலத்தை மட்டுமே இதற்குத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏப்ரல் வெயிலில் வாட் பூ படிகளும், மழைக்காலத்தில் கோ கேர் பாதைகளும் முதுகுப்பையோடு தாங்காது.

பொய்ப்பெட் திறந்துவிட்டது என்ற செய்தி எப்போதாவது வந்தால், முதல் தெரிவு தானாகவே தரைவழிப் பாதையாகிவிடும். நாங் ரோங்கிலிருந்து தெற்கே ஆரண்யப்பிரதேத்துக்கு இறங்கிவிடலாம். அப்போதும் புறப்படுவதற்கு முன், அந்தக் கடவை தங்கள் காப்பீட்டுக்குள் வருகிறதா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தாய்லாந்துக்குள் மறுபடி நுழையும் ஒவ்வொரு முறையும் 2025 மே முதல் கட்டாயமாகியுள்ள இணைய வருகை அட்டையைப் புதிதாக நிரப்ப வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.